புல்வெளியைப் பயிரிட்ட பல்கலைக்கழகம்

மரம் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல் 'ஆர்பர்'. அதன் அடியாகப் பிறந்தது 'ஆர்பொரேட்டம்' என்னும் சொல். அரபியிலும் மரத்தைக் குறிக்கும் 'ஷஜர்' என்ற வேரிலிருந்தே இதற்கு 'மஷ்ஜர்' என்று பெயர் அமைந்திருக்கிறது. நாம் மரச்சோலை என்போம். நிழலுக்காகவும் கனிக்காகவும் வைக்கும் தோப்பு வேறு, இது வேறு. கற்பதற்கென்றே மரஞ்செடிகளை வகைப்படுத்தி வளர்த்துக் காக்கும் இடம் இது. மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நூலகத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உள்ள மதிப்பு இதற்கும் உண்டு.

இத்தகைய தோட்டங்களின் தொடக்கம் மருத்துவக் கல்வியிலே இருக்கிறது. இத்தாலியில் பீசா நகரிலும் பதுவா நகரிலும் 1540களில் பல்கலைக்கழகத் தோட்டங்கள் அமைந்தன. 1545இல் தோன்றிய பதுவாத் தோட்டம் இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. மூலிகைகளின் மெய்யையும் போலியையும் மாணவர் கண்ணால் கண்டு தெளியவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். அக்காலத்தில் பதுவாவில் இப்னு ஸீனாவின் மருத்துவ நூல் இலத்தீன் மொழிபெயர்ப்பில் பாடமாக இருந்தது. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பெயினின் மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார், வட ஆப்பிரிக்காவிலும் ஷாம் நாட்டிலும் அலைந்து செடிகளைக் கண்டறிந்து, ஏறத்தாழ 1,400 மருந்துப்பொருள்களை அகரவரிசைப்படுத்தி ஒரு பெருநூல் எழுதி, 1248இல் திமிஷ்கில் மறைந்தார். இவர்களெல்லாம் ஒவ்வொரு செடியையும் தனித்தனியே நோக்கியவர்கள். இதன் பெயர் என்ன, குணம் என்ன, எந்நாட்டில் விளைவது? வினா இவ்வளவே.

பிற்காலத்தில் தோட்டங்கள் பெருகின; வினா மாறவில்லை. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1872இல் நிறுவிய அர்னால்டு மரச்சோலையின் குறிக்கோள், அந்த மண்ணிலும் குளிரிலும் திறந்தவெளியில் பிழைக்கக்கூடிய மரங்களையும் புதர்களையும் எந்நாட்டினவாயினும் கொண்டுவந்து வளர்ப்பது. உலகத்தை ஒரு வேலிக்குள் கொண்டுவரும் முயற்சி என்று அதனைச் சொல்லலாம்.

1934ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், அதே அமெரிக்காவில் வேறொரு பல்கலைக்கழகம் இதற்கு நேர்மாறான எண்ணத்தோடு ஒரு மரச்சோலையைத் திறந்தது. விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மாடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகமே அது. உலகத்து மரங்களையெல்லாம் இங்கே கொண்டுவருவதைக் காட்டிலும், இங்கே முன்பு இருந்து அழிந்துபோனதைத் திரும்பக் கொண்டுவருவோம் என்பது அங்கே எழுந்த எண்ணம். சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் அவ்வெண்ணம் எத்தனை கடினமானது என்பதே இந்தச் சோலையின் வரலாறு.

அங்கே முன்பு இருந்தது யாது? மாடிசன் நகரம் ஏரிகளின் நடுவே அமைந்தது. ஹோ-சங்க் என்னும் பழங்குடி மக்கள் அப்பகுதியை 'நான்கு ஏரிகள்' எனப் பொருள்படும் டீஜோப் என்ற பெயரால் வழங்கினார்கள். அவர்களுடைய முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பறவை வடிவிலும் விலங்கு வடிவிலும் எழுப்பிய மண்மேடுகள் விங்ரா ஏரிக்கரையில், இன்றைய மரச்சோலையின் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. சுற்றிலும் ஓக் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் திறந்த காடுகளும், ஆள் உயரத்துக்கு மேல் புல் வளரும் சமவெளிகளும் இருந்தன. அந்தப் புல்வெளியைப் பிரைரி என்பார்கள்.

பிரைரி என்றால் வெறும் புல் என்று எண்ணவேண்டா. நூற்றுக்கு மேற்பட்ட செடிவகைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலம் அது. மண்ணுக்கு மேலே காண்பதைவிட மண்ணுக்குக் கீழே மறைந்திருப்பது மிகுதி. அங்கு வளரும் திசைகாட்டிச் செடி என்பதன் பெரிய இலைகள் வடக்குத் தெற்காகத் திரும்பி நிற்பதால் அப்பெயர் பெற்றது. அதன் வேர் பத்தடிக்கு மேலும் ஆழச் செல்லும். இவ்வேர்கள் ஆண்டுதோறும் மடிந்து மக்கி மண்ணைக் கரியநிறமாக்கின. அந்தக் கருமண்ணே புல்வெளிக்குப் பகையாய் முடிந்தது. 1832இல் ஹோ-சங்க் மக்கள் ஓர் உடன்படிக்கையால் தம் நிலத்தைக் கைவிட நேர்ந்தது. 1837இல் இல்லினாய் மாநிலத்துக் கொல்லரான ஜான் டீர், ஒட்டும் கருமண்ணையும் கிழித்துச் செல்லும் எஃகுக் கொழுவினைச் செய்தார். குடியேறியவர்கள் கோதுமை விதைத்தார்கள். விஸ்கான்சினில் இருபது இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த பிரைரியில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. எஞ்சியதும் இருப்புப்பாதை ஓரங்களிலும் பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகளிலும், அதாவது உழுவதற்கு எவருக்கும் தோன்றாத இடங்களிலே.

மாடிசனுக்கு ஒரு மரச்சோலை வேண்டும் என்று முதலில் எழுத்தில் வைத்தவர் ஜான் நோலன் என்னும் நகரமைப்பு அறிஞர். 1911இல் வெளியான அவரது நகரத் திட்டத்தில் அது இடம்பெற்றது. அதனை மனத்தில் ஏந்தி உழைத்தவர் மைக்கேல் ஓல்பிரிக் என்ற வழக்கறிஞர். பல்கலைக்கழக ஆட்சிக்குழுவில் இருந்த அவர், விங்ரா ஏரியைச் சுற்றிய நிலத்தை நகரம் இழந்துவிடலாகாது என்று வாதாடி, 1929இல் அது நிறைவேறுமுன்பே காலமானார். அதே ஏரியின் தென்கரையில் முன்னர் ஒரு நிறுவனம் மனைகளுக்குத் திட்டமிட்டுத் தெருக்கள் போட்டிருந்தது. சதுப்புநிலம் தெருவைத் தாங்கவில்லை, நிறுவனமும் நொடித்தது. 'தொலைந்த நகரம்' என்று இன்று அழைக்கப்படும் அவ்விடத்தில் காட்டுக்குள்ளே பாதைச் சுவடுகளைக் காணலாம். பின்னர் வந்த பொருளாதார மந்தம் நிலத்தின் விலையை வீழ்த்தியது. உழவர்களுக்குத் துன்பமாய் வந்த அக்காலம், 1932 முதல் பல்கலைக்கழகம் நிலங்களைச் சேர்க்க வாய்ப்பாயிற்று. இன்று அது ஏறத்தாழ 1,200 ஏக்கர்.

திறப்புவிழாவில் பேசியவர்களுள் ஒருவர் ஆல்டோ லியோபோல்ட். 1887இல் அயோவா மாநிலத்தில் பிறந்து, வனத்துறையில் பல்லாண்டு பணியாற்றி, 1933இல் இப்பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மைப் பேராசிரியரானவர். மரச்சோலையின் ஆய்வுப் பொறுப்பும் அவரிடமே இருந்தது. விழாக்களில் நிறுவனர்களைப் புகழ்ந்துவிட்டு அமர்வது வழக்கம். அவரோ, நம் பாட்டன்மார் வந்தபோது இந்த மாவட்டம் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு மாதிரியை இங்கே மீண்டும் உருவாக்கப்போகிறோம் என்றார். அழகுக்காக அன்று, நிலத்தை மனிதன் என்ன செய்துவிட்டான் என்று ஒப்பிட்டு அறிய ஓர் அளவுகோல் வேண்டும், அதற்காக என்றார். நாகரிகம் வளர்ந்ததாக மகிழ்ந்திருந்த கூட்டத்தில், மண் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று கணக்குக் காட்டிய பேச்சு அது.

பேச்சு முடிந்தது, நிலம் அப்படியே கிடந்தது. அவர்கள் பிரைரிக்கெனத் தேர்ந்த வயல், பல பத்தாண்டுகள் உழப்பட்டுப் பின்னர் குதிரை மேய்ந்த தரை. அங்கே நிறைந்திருந்தது கென்டக்கி நீலப்புல். பெயரைக் கேட்டு ஏமாறவேண்டா. அது ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து பரவிய புல். 1935இல் தாவரவியல் பேராசிரியர் நார்மன் ஃபாசெட் அங்கே முதல் நடவுச் சோதனைகளைச் செய்தார். மறு ஆண்டு தியோடர் ஸ்பெரி என்ற இளைஞர் வந்துசேர்ந்தார். பிரைரிச் செடிகளின் வேர்களை ஆராய்ந்தவர் அவர்.

கைகள்? அவற்றை மந்தகாலம் தந்தது. வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1933இல் தொடங்கிய பணிப்படையின் முகாம் ஒன்று 1935இல் மரச்சோலைக்குள் அமைந்து 1941 வரை இயங்கியது. திங்களுக்கு முப்பது டாலர் கூலி. அதில் இருபத்தைந்து டாலர் வீட்டுக்குப் போய்ச்சேரும். அப்பிள்ளைகள் எஞ்சியிருந்த பிரைரித் துண்டுகளுக்குச் சென்று வேரோடும் மண்ணோடும் புற்கட்டிகளைப் பெயர்த்து லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டார்கள். விதை திரட்டினார்கள். 1936இன் கோடை அமெரிக்க வரலாற்றிலேயே கடுமையான வறட்சிகளில் ஒன்று. நட்டவை கருகக் கருகத் தண்ணீர் சுமந்தார்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று வந்த அவர்களிடம், நூறாண்டுக்கு முந்திய புல்வெளியை நடச்சொன்னபோது என்ன நினைத்திருப்பார்களோ! ஆய்வேடுகளில் பேராசிரியர் பெயர்கள் இருக்கின்றன. புற்கட்டி சுமந்தவர் பெயர்களை நாம் தேடத்தான் வேண்டும்.

நட்டவை பலவும் வேர்பிடித்தன. ஆயினும் புல்வெளி புல்வெளியாகவில்லை. நீலப்புல் அடர்ந்து மூடிக்கொண்டது. பிரைரிச் செடிகள் அதன் நடுவே ஏழைகள்போல் நின்றன. மண் சரி, விதை சரி, மழையும் பின்னர் சரியாயிற்று. எது குறைகிறது?

குறைந்தது தீ.

இவ்விடத்தில் லியோபோல்டின் முன்கதை ஒன்றைச் சொல்லவேண்டும். வனத்துறையில் பணியாற்றியபோது அவர் தீயின் பகைவர். காட்டில் இலேசாகத் தீயிட்டு அடிப்புதரைக் களையும் பழங்குடியினரின் முறையைப் பின்பற்றலாம் என்று சிலர் சொன்னபோது, 1920இல் அதனை மறுத்துக் கட்டுரை எழுதினார். பயூட் என்னும் குடியின் பெயரை அம்முறைக்குச் சூட்டி, அது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்பதே அவர் வாதம். நான்கே ஆண்டுகளில் தென் அரிசோனாவின் மலைச்சரிவுகளை நேரில் ஆராய்ந்தவர், புதர் பெருகியதற்குக் காரணம் மிகை மேய்ச்சலும் தீ நின்றுபோனதுமே என்று எழுதினார். கற்றவர் ஒருவர் தாம் அச்சிட்ட கருத்தைத் தாமே மாற்றி அச்சிடுவது எளிதன்று. மார்க்கக் கல்வியின் வரலாற்றில் தம் தீர்ப்பை மாற்றிக்கொண்ட பேரறிஞர்களை நாம் அறிவோம். அந்த வரிசையின் நேர்மை இதிலும் தெரிகிறது.

மாடிசனில் இதனைச் சோதனையாலே நிறுவியவர் ஜான் கர்ட்டிஸ் என்ற தாவரவியலார். அவரும் அவர் மாணவர் மாக்ஸ் பார்ட்சும் 1940களில் சிறுசிறு பாத்திகளை வகுத்துச் சிலவற்றை எரித்தும் சிலவற்றை எரிக்காமலும் ஒப்பிட்டார்கள். நுட்பம் இதுதான். நீலப்புல் குளிர்காலத்துப் புல். இளவேனில் தொடங்கியதும் முந்திக்கொண்டு தளிர்க்கும். பிரைரிப் புற்கள் வெப்பத்துக்குக் காத்திருப்பவை. அப்போதும் அவற்றின் முளைகள் மண்ணுக்குள்ளே உறங்கும். அவ்வேளையில் தீயிட்டால் விழித்துவிட்ட பகைவன் கருகுவான், உறங்கும் உரியவன் தப்புவான். சருகு நீங்கிக் கறுத்த தரை வெயிலை வாங்கி விரைவில் சூடேறுவதும் பிரைரிப் புல்லுக்கே துணை. முற்றிய ஓக் மரத்துக்குத் தடித்த பட்டை கவசமாகும். மற்ற மரக்கன்றுகள் மாண்டுபோகும். புல்வெளி காடாகிவிடாமல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் புல்வெளியாகவே நின்றதன் மறைபொருள் அங்கே வெளிப்பட்டது. கர்ட்டிஸும் பார்ட்சும் தம் முடிவுகளை 1948இல் வெளியிட்டனர். 1950 முதல் அந்தப் பிரைரியைக் கால இடைவெளி விட்டு முறையாக எரித்துவருகிறார்கள்.

அதே 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், விஸ்கான்சின் ஆற்றங்கரையில் தாம் வாங்கிச் செப்பனிட்டு வந்த பண்ணைநிலத்துக்கு அண்டையில் பரவிய புல்தீயை அணைக்கச் சென்ற லியோபோல்ட், மாரடைப்பால் அங்கேயே உயிர்துறந்தார். வயது அறுபத்தொன்று. அவருக்குப் பெரும்புகழ் தந்த மணல்மாவட்ட நாட்குறிப்பு நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது. அதில், ஒரு பழைய கல்லறைத் தோட்டத்து மூலையில் பிழைத்திருந்த திசைகாட்டிச் செடியை நெடுஞ்சாலைத் துறையினர் அரிந்து எறிந்ததைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார்.

இனி, என் மனத்தில் உறுத்தும் ஒன்று. தீயை அந்நிலத்துக்கு இட்டவர் எவர்? மின்னலால் பற்றியதும் உண்டு. ஆனால் அவ்வட்டாரத்தில் ஆண்டுதோறும் எரித்தவர்கள் பெரும்பாலும் பழங்குடி மக்களே. வேட்டைக்காகவும் வழி திறக்கவும் புதுப்புல் தளிர்க்கவும் எரித்தார்கள். அப்படியானால், 1940களில் பல்கலைக்கழகம் பாத்தி வகுத்துக் கண்டறிந்தது, அந்த ஏரிக்கரையில் வாழ்ந்தவர்களுக்குக் கைவந்த வழக்கம். அவர்களோ 1832க்குப் பின் பலமுறை அங்கிருந்து அகற்றப்பட்டவர்கள். அயோவா, மின்னசோட்டா, தென் டகோட்டா, நெப்ராஸ்கா என்று படை கொண்டுபோய் விட்ட இடங்களிலிருந்தெல்லாம் பலர் கால்நடையாகவே திரும்பிவந்தார்கள். 1874 வரை இந்தத் துரத்தல் நடந்தது. பாட்டன்மார் வந்தபோது நிலம் எப்படி இருந்தது என்று திறப்புவிழாவில் கேட்டார்களே, அந்நிலத்தை அப்படி வைத்திருந்தவர்களின் பேரர்கள் அப்போது அதே மாநிலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கேட்டிருந்தால் சில ஆண்டு மிச்சமாகியிருக்கும்.

தமிழ் இலக்கணம் நிலத்தைத் திணை என்று வகுத்தபோது மரத்தையும் பூவையும் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. புள், விலங்கு, நீர், பறை, தொழில், அந்நில மக்கள் யாவும் கருப்பொருளிலே அடங்கும். மக்களை நீக்கிவிட்டால் திணை முழுமை பெறாது என்பது நம் பழைய ஆசிரியர்களின் கொள்கை. மாடிசனில் செடிகளை எல்லாம் எண்ணி நட்டபிறகும் புல்வெளி எழாமல் தவித்த அந்தப் பத்தாண்டுகளை, இக்கொள்கைக்கு அயல்நாட்டு மண்ணில் கிடைத்த உரை என்றே நான் படிக்கிறேன்.

கர்ட்டிஸ் 1959இல் விஸ்கான்சின் மாநிலத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார், 1961இல் மறைந்தார். அந்தப் பிரைரிக்கு அவர் பெயரையே இட்டார்கள். ஏறத்தாழ 70 ஏக்கர் உள்ள அது, உலகில் மீட்டமைக்கப்பட்ட பிரைரிகளுள் பழமையானது என்று மதிக்கப்படுகிறது. அதற்குத் தெற்கே மற்றொரு பிரைரி உண்டு. காளான் இனங்களில் வல்லவரான ஹென்றி கிரீன், 1940களில் தொடங்கி ஏறத்தாழத் தனியொருவராகவே அதனை நட்டார். எந்தச் செடி எந்த ஈரத்தில் எந்த மண்ணில் எதனருகே நிற்கும் என்று இயற்கைப் பிரைரிகளில் பார்த்துப் பார்த்து வைத்தார். படை நட்டதைவிடத் தனியர் நட்டது இயற்கைக்கு அணுக்கமானது என்று அறிந்தோர் சொல்கின்றனர்.

பழைய முறைத் தோட்டமும் அங்கே உண்டு. முதல் நிருவாக இயக்குநர் வில்லியம் லாங்கனெக்கரின் பெயர் தாங்கி 35 ஏக்கரில் அமைந்த அத்தோட்டத்தில் மே மாதத்தில் லைலாக்கும் காட்டு ஆப்பிளும் பூக்கும்போது மக்கள் திரளாக வருவார்கள். அதில் குறையொன்றுமில்லை. வடபகுதிக்குரிய பைன் காடு, மேப்பிள் காடு, ஓக் காடு, சதுப்பு, ஊற்று என்று மாநிலத்தின் நிலவகைகளையும் தனித்தனியே காணலாம். சுற்றிவருவோர் ஒரு நாளில் ஒரு மாநிலத்தை நடந்த உணர்வைப் பெறுவர்.

இவ்வளவும் ஆனபின் நிலம் மீண்டுவிட்டதா? 1950களில் ஒரு நெடுஞ்சாலை அதன் ஊடே சென்று, கிரீன் நட்ட பிரைரியை மற்றதிலிருந்து பிரித்துவிட்டது. நகரம் வளர வளரக் கூரைகளிலும் தார்ச்சாலைகளிலும் விழும் மழைநீர் மண்ணில் இறங்க வழியின்றி, உரச்சத்தையும் உப்பையும் சுமந்து பள்ளமான மரச்சோலைக்குள் பாய்கிறது. அந்நீரைக் குடித்துக் கொழுக்கும் ஒருவகை நாணற்புல் கிரீனின் ஈரநிலப் பகுதியில் பரவி, அவர் கையால் வைத்த செடிகளை மூடிவிட்டது. அது தீக்கு அஞ்சும் புல்லன்று. வேலிக்கு வெளியே நடப்பதை வேலிக்குள்ளிருந்து மாற்ற இயலாது என்பதை அவர்கள் இவ்வாறு கற்கிறார்கள். அழிந்த நிலத்தை மீட்பது ஒரு தனிக் கல்வித்துறையாக வளர்ந்ததற்கும் இந்தச் சோலை தாயகம். அத்துறைக்கென ஓர் ஆய்விதழ் 1981இல் இங்கிருந்தே தொடங்கியது. தோல்விகளை மறைக்காமல் எழுதும் வழக்கம் அவ்விதழுக்கு உண்டு.

2013இன் இலையுதிர்காலத்தில் புதிய ஒன்று தென்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் மண்புழு விஸ்கான்சினிலே முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது இந்த மரச்சோலையில்தான். பனியாறுகள் மூடிக்கிடந்த அப்பகுதிகளில் பிறவிமண்புழுவே கிடையாது. உழவனின் தோழன் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் மண்புழு, அங்கே காட்டின் சருகுப்படுகையை ஒரு பருவத்துக்குள் தின்று, மேல்மண்ணைக் காப்பித்தூள்போல் பொலபொலப்பாக்கிவிடுகிறது. சருகில் ஊன்றி முளைக்கும் சிறுசெடிகளுக்கு இடமில்லாமல் போகிறது. அதனை முற்றிலும் ஒழிக்கும் வழி எதுவும் கைக்கு வரவில்லை. காட்டில் அது எதுவரை பரவியது என்று கவனித்துக் குறித்திருக்கிறார்கள். வருவோர் செருப்படியில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டுச் செல்லுமாறு நடைபாதை வாயில்களில் தூரிகைகள் வைத்திருக்கிறார்கள்.